கப்பலேறிப் போன தலைமுடி

ஏப்ரல் 5, வெள்ளி

காலைப் படகில் நாற்பத்து மூன்று பேர் துருக்கிக் கரைக்குப் போனார்கள். இருபது நிமிடப் பயணம். வெள்ளிதோறும் அங்கே காஷ் ஊர்ச் சந்தையில்தான் எங்கள் தீவுக்கே காய்கறி. மாலையில் தக்காளியோடு பதினோரு வெட்டிய தலைகளும் இறங்கின. எங்கள் கிரேக்கத் தீவான கஸ்தெலோரிசோவில் இருப்பது ஒரே சலூன், அது என்னுடையது. வாசலில் நின்று நானே எண்ணினேன். என் சிநேகிதன் ஸ்டெர்கோஸ் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தான். "வெயில்டா, பனோர்மிதி" என்றான். வானம் மூடிக் கிடந்தது.

ஏப்ரல் 6

இன்று கடைக்கு வந்தவர் ஒருவர், பாதிரியார். எங்கள் பாதிரியார்கள் முடி வெட்டிக்கொள்வதே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 8, திங்கள்

தங்கை எவ்தோகியா வந்தாள். கடையில் பாதி அவளுடையது. "ஈஸ்டர் வரைக்கும் பாரு அண்ணா. அப்பவும் ஈ ஓட்டினா, இத ஐஸ்கிரீம் கடையாக்கிடலாம்." ஈஸ்டருக்கு முன் ஊரே முடி வெட்டிக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால்? முப்பது வருஷ நாற்காலி. அதில் உட்கார்ந்து எவனோ ஐஸ்கிரீம் நக்குவான்!

ஏப்ரல் 11

நாளை போகப் போகிறேன். வேவு பார்க்க. வேறெதற்கும் இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

படகில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "காய்கறி வாங்கப் போறேன்" என்றேன். "கூடை எங்க?" என்றான் ஸ்டெர்கோஸ். அசடு வழிந்தது.

காஷில் முடி வெட்டும் துருக்கிக்காரர் பெயர் ஹாலித். எங்கள் ஆட்கள் தலையைக் கொடுத்துக் கொடுத்துக் கிரேக்கம் கற்றுக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்கழுத்தில் விரல் வைத்தவர் அப்படியே நின்றார்.

"இத யாருங்க வெட்டினது?"

"தீவுல ஒருத்தன்."

"ரெண்டு கண்ணாடி வெச்சுக்கிட்டு நீங்களே வெட்டினீங்களா?"

கையும் களவுமாக மாட்டினேன். என் மனைவி மரிகோ இருந்தவரை அவள்தான் வெட்டுவாள். அவள் போய் ஆறு வருஷம். அதன் பிறகு என் தலையை ஒருவரும் தொட்டதில்லை என்பது அந்த நாற்காலியில்தான் உறைத்தது. அழுதுவிட்டேன். சோப்பு நுரை கண்ணில் பட்டது என்றேன். அவர் நுரையே இன்னும் போடவில்லை.

நன்றாக வெட்டினார், பாவி. துருக்கி வழக்கப்படி, சிறு தீயால் காது முடியைப் பொசுக்கிவிட்டார். எழுந்து நின்றபோது அவர் பின்கழுத்தைப் பார்த்தேன். கோணல். "உங்களுக்கு யார் வெட்டுறது?"

"நானேதான். இந்த ஊர்ல எட்டு கடை. எவன் நாற்காலில உக்காந்தாலும் மறுநாள் ஊர் சிரிக்கும்."

திரும்பும் படகில் நாற்பது கண்கள் என் தலைமேல். ஒரு தக்காளி கூட வாங்கவில்லை.

ஏப்ரல் 13

மானம் போயிற்று. எவ்தோகியா சிரித்துச் சிரித்து இருமினாள். "சலூன்காரனே அங்க போறான், அப்புறம் இங்க கடை எதுக்கு?" என் கடைக்கு நானே பூட்டு போட்டுவிட்டேனா?

ஏப்ரல் 19, வெள்ளி

படகு நிரம்பிப் போனது. நான் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

குருத்தோலைப் பூசை முடிந்து எல்லோரும் துறைமுகக் காப்பிக்கடைகளில் இருந்தார்கள். படகிலிருந்து ஹாலித் இறங்கினார், கோட்டு சூட்டோடு. ஒவ்வொரு மேசையாக நின்று, "பனோர்மிதி அண்ணன் சலூன் எங்க?" எங்கும் திரும்பாமல் நேரே நடந்தாலே வந்துவிடலாம். வேண்டுமென்றே கேட்கிறார், மனுஷன்.

"ஆறு வாரமா வளர்த்திருக்கேன். பார்த்து வெட்டுங்க."

ஜன்னலில் பாதி ஊர். கத்தரியை எடுத்தேன். பின்கழுத்தைச் சீராக்கி, கண்ணாடி பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "எங்க ஊர்ல இப்படி வெட்ட ஆள் இல்ல" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பி, நல்ல கிரேக்கத்தில்.

ஏப்ரல் 30

எழுத நேரமில்லை. ஸ்டெர்கோஸ் மூன்று மணி நேரம் காத்திருந்தான். வேண்டுமென்றே கடைசியில் வெட்டினேன்.

மே 10, வெள்ளி

படகுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், கதவில் ஓர் அட்டை. எவ்தோகியாவின் கையெழுத்து: "இன்று விடுமுறை. அண்ணன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். நாளை வாருங்கள்."