அம்மாவின் கையில் ஓர் ஆந்தை

அப்பா,

"பச்சை குத்துறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று என்னிடம் கத்திவிட்டுத்தான் வீட்டை விட்டுப் போனீர்கள். அம்மா கையில் உங்கள் பெயரைக் குத்தச் சொன்னது யாராம்?

நேற்று அம்மா என் கடைக்கு வந்து, அந்தக் கையை நீட்டினாள். "இதை மறைச்சுடு."

பழைய பச்சையை என்னால் அழிக்க முடியாது. மேலே அடர்த்தியாக வேறொன்றை வரையத்தான் முடியும். எத்தனை இலை வரைந்தாலும் உங்கள் முதலெழுத்து எட்டிப் பார்த்தது. எரிச்சலில் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு வீம்புக்கு ஒரு கருத்த ஆந்தையை வரைந்தேன். பெயர் போயே போய்விட்டது.

அம்மா உற்றுப் பார்த்தாள். "உங்கப்பா மாதிரியே முறைக்குதுடி!"

நான் வரைந்ததிலேயே உயிருள்ளது அதுதான். யாரிடம் காட்டலாம் என்று யோசித்தால், பாழாய்ப்போன மனதில் உங்கள் முகம்தான் வருகிறது.

உங்கள் மகள்