வட்டம் போடாத பகிடிகள்

என் உயிரான ரீட்டா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசமும் நாலு மாதமும் ஆகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எல்லாரும் என்று சொல்ல வீட்டில் நான் ஒருவன்தான். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறேன், இல்லாவிட்டால் போடாமலே விடுகிறேன். அதைச் சொல்லிச் சிரிக்க எதிர்க் கதிரையில் ஆளில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது வருசமாய் ஒருநாள் விடாமல் நீங்கள் எழுதிய நாட்குறிப்புக் கொப்பிகளைக் கிட்டத்தட்டக் கொன்றே போட்டேன். அலுமாரியில் கறையான் ஏறும் என்று பயந்து, மீன்வாடியிலிருந்து, ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற இரண்டு ரெஜிபோம் பெட்டி எடுத்துவந்து, கொப்பிகளை அடுக்கி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினேன். ஐஸ் கரையாத பெட்டிக்குள் கடுதாசி கெடுமா என்பது என் விஞ்ஞானம். அயலட்டைப் பூனைகள் எல்லாம் வந்து பெட்டியைச் சுற்றி இருந்து உங்களுக்கு அஞ்சலி செலுத்தின.

யாழ்ப்பாணத்தில் பழைய நாட்குறிப்புகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் ஒரு நூலகத்திலிருந்து ஓர் அம்மா கேட்டு எழுதிய பிறகுதான் திறந்தேன். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. தொலைபேசியில் சொன்னேன். அவ பதறிப்போனா.

"வெயிலில போட்டிடாதேங்கோ ஐயா, மை போயிடும். நிழலில விரிச்சு, ஒவ்வொரு பக்கமாய்ப் பிரட்டி விடுங்கோ."

ஒவ்வொரு பக்கமாய்ப் பிரட்டிக்கொண்டு வாசிக்காமல் இருக்க நான் என்ன வானத்துச் சம்மனசா, அக்கா? தபால் கந்தோர் வேலையில் நீங்கள் கண்ட ஊர் முழுக்க அதில் இருக்கிறது. மடு மாதா கோவிலில் அகதியாய் இருந்த மாதங்களைத் தந்திப் படிவங்களின் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். கையில் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாத காலத்திலும் உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

கொப்பி காய்கிற சேதி வேலிக்கு அந்தப்பக்கம் போனது. பக்கத்து வீட்டுப் பிலோமினா வந்து வாசலில் நின்றா.

"தம்பி சூசை, அதில என்ர இடியப்பக் கதை இருக்கோ?"

"என்ன இடியப்பம்?"

"மடுவுக்கு நேர்த்தி வைச்சு, ஒருசந்தி விரதம் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, கூடாரத்துக்குப் பின்னால இருந்து திண்டனான். எழுதிப்போட்டன் எண்டு கொக்கா ரீட்டா என்ர முகத்துக்கு நேரயே சொன்னவ. அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சு விடு ராசா."

அப்போது நான் ஆற்றிய உரையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வரலாற்றைக் கிழிக்கக் கூடாது, ஒரு பக்கம் போனால் உண்மை முழுக்கப் போய்விடும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு போனா.

மூன்றாம் நாள் என் பக்கம் வந்தது.

பேப்பரில் நான் எழுதிவந்த வாராந்தப் பத்தியில் பேர் வாங்கிய அந்தக் கழுதைக் கதை. சண்டைக்குள் நாங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்தோம், மன்னார்த் தீவை விட்டுப் போகாமல் இருந்த நிரந்தரக் குடிகள் கழுதைகள்தான், ஆனால் வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர்தான் இருக்கிறது என்று எழுதினேனே. சுவாமியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். உங்கள் கொப்பியில் அது எனக்கு இரண்டு கிழமை முந்தியே இருக்கிறது, நீங்கள் புட்டு அவித்துக்கொண்டு சொன்னதாக. அதற்குக் கீழே: "தம்பியின் பெயரில் பேப்பரில் வந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்."

அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பதிவுத் தபாலை உரியவர் கையெழுத்துப் போட்டு எடுத்ததும் புத்தகத்தில் போடுவீர்களே, அதே வட்டம். முன்னும் பின்னும் பிரட்டினேன். கொப்பிக்குக் கொப்பி வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் என் பேரில் வந்த உங்கள் பகிடி. முப்பது வருசப் புகழ், அக்கா.

நீங்கள் போனபின் என் பத்தி நின்றுவிட்டது. துக்கம் என்று ஆசிரியர் நினைக்கிறார், நானும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். உண்மையில் சரக்கு முடிந்துவிட்டது.

வரலாற்றுக் காவலன் அந்தப் பக்கத்தைக் கிழித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போனேன். நற்கருணை நன்மை எடுக்க எழும்ப முடியவில்லை. பூசை முடிந்து வரும் வழியில் பிலோமினாவைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இதென்ன புதுப் புதினம்?" என்றா. "கொக்கா கழுதைக் கதை சொல்லேக்க அந்தக் குசினியில நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தனான். நீ சொந்தமாய் ஒரு பகிடி விட்டதை இந்த ஊரில ஆர் கேட்டது?"

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

"சொன்னால் எழுதாமல் விட்டிடுவாய் எண்டு கொக்கா தடுத்தவ." தன் வாசலில் நின்று திரும்பினா. "நீ உன்ரய வை. என்ர இடியப்பமும் இருக்கட்டும்."

நேற்று அந்த நூலக அம்மா வந்தா. படிவத்தில் நீக்கவேண்டிய பக்கங்கள் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிழிந்த பக்கத்தை அதன் இடத்திலேயே செருகிக் கொடுத்தேன். எலி கடித்ததா என்று கேட்டா. ஓம், பெரிய எலி என்றேன். கொப்பிகளைக் கொண்டுபோனா, திரும்பி வர ஆறு மாதமாம். இன்று காலை இரண்டு தரம் அலுமாரியைத் திறந்து பார்த்தேன், என்னத்துக்கென்று தெரியாமல்.

கடைசிக் கொப்பியையும் அவற்றோடு கொடுத்துவிட்டேன், ஆனால் அதில் இருப்பதை யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் எழுதியது. அதில் ஏழு பகிடிகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் வட்டமில்லை. நான் ஒவ்வொரு பின்னேரமும் வந்தேன். உங்களைச் சிரிக்கவைக்கிறேன் என்று என் கதையையே அளந்தேன். நீங்கள் வாய் திறந்தபோதெல்லாம், "களைக்கும் அக்கா, கதையாமல் படுங்கோ" என்றேன். இந்த ஏழு பகிடிகளையும் எனக்குச் சொல்லத்தான் வாய் திறந்தீர்களா?

வாசித்துச் சத்தமாய்ச் சிரித்தேன். சிரித்துவிட்டு, வேறு யாராவது சிரிக்கிறார்களா என்று குசினிப் பக்கம் பார்த்தேன்.

இந்த ஏழு பகிடிகளையும் நான் எடுக்கமாட்டேன். பத்திக்காரனின் வாக்கை நம்பவேண்டாம், இது தம்பியின் வாக்கு. அவை உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயரிலேயே இருக்கும். என்றைக்கோ, எங்கேயோ, நம் இருவரையும் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து சிரிப்பார். வட்டத்தை அவர் போடட்டும்.

உங்கள் வாயால் பேர் எடுத்த, உங்கள் ஒரே தம்பி,
சூசை