இரண்டாம் தடவை இறுக்குவது

மார்ச் 3

என் சுண்டுவுக்கு,

ஃபோனில் திட்டினால் "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

உன் மாமா சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் குதிரையேற்ற கிளப்பில் குதிரை லத்தி அள்ளுகிறாயாமே, அதுவும் சும்மா! போன வருடம் முதல் பாடத்திலேயே கீழே விழுந்து, மணிக்கட்டில் கட்டோடு வந்து, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று அழுதவள் நீதானே? இங்கே ஆஸ்பத்திரி வார்டில் ஊரார் அழுக்கை நான் துடைப்பது போதாதா? உன் கையிலாவது அழுக்குப் படாமல் நீ படிக்கவேண்டும் என்றுதானே மாமா வீட்டில் விட்டேன்? உன்னை ஏற விடுகிறார்களா, அள்ள மட்டும்தானா? கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்களா? அந்தக் கிளப் செயலாளரின் நம்பரை அனுப்பு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன்.

தைரியம் போதாது என்பது ஒரு குறையில்லை, சுண்டு. குதிரை எல்லாருக்கும் ஒத்துவருமா?

வேளைக்குச் சாப்பிடு.

கோபம் பாதி, முத்தம் பாதி,
அம்மா


மார்ச் 19

அன்புள்ள அம்மா,

லத்தி அள்ளுவது உண்மைதான். நானே கேட்டு வாங்கிய வேலை அது. முதல் மாதம் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கவே கால் நடுங்கியது. அள்ளும்போது குனிந்துகொள்ளலாம், நடுங்குவது யாருக்கும் தெரியாது. இப்போது குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்கிறேன். சவாரிக்கு வரும் குழந்தைகளோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். போன வாரம் பயிற்சி கொடுக்கும் அக்கா, "என்ன பாத்துக்கிட்டே இருக்க, ஏறு" என்றார். ஏறிவிட்டேன்!

எங்களிடம் ஒரு வயதான குதிரை இருக்கிறது. பேர் பெரியவர். மகா தந்திரக்காரர். சேணம் வைத்து வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்வார். இறுகிவிட்டது என்று நாம் நம்பி நாலடி நடத்தினால் மூச்சை விடுவார், பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் நடக்கவைத்து, இரண்டாம் தடவை இறுக்காமல் யாரையும் ஏற்றக் கூடாது.

அக்கா இதைக் காட்டிய அன்று லாயத்துக்குப் பின்னால் போய் அழுதேன். போன வருடம் நான் ஏறியதும் இவர் மேல்தான். ஏற்றிவிட்டவர் அவசரத்தில் ஒரு தடவைதான் இறுக்கினார். நான் பயந்து விழவில்லை அம்மா. சேணம் சுற்றிக்கொண்டது. நீ சொந்தக்காரர்களிடமெல்லாம் "அவளுக்குத் தைரியம் போதாது" என்று சொன்னாய். நானும் அதை நம்பிக்கொண்டு ஒரு வருடம் இருந்திருக்கிறேன். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நம்பர் தரமாட்டேன்.

சுண்டு


ஏப்ரல் 22

அம்மா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

மாமா அரைகுறையாகச் சொல்லியிருப்பார். நான் சொல்கிறேன், கேள். கிளப் தலைவர் தன் அண்ணன் மகளைக் கூட்டிவந்தார், பெரியவர் மேல் உட்காரவைத்துப் படம் எடுக்க. நான் அப்போதுதான் முதல் தடவை இறுக்கியிருந்தேன்.

"ஒரு நிமிஷம் சார். நடக்க வச்சுட்டு இன்னொரு தடவை இறுக்கணும்."

"அதான் கட்டியாச்சுல்ல? ஏத்து."

"ஏத்த முடியாது சார்."

"லத்தி அள்ற பொண்ணு எனக்குப் பாடம் எடுக்குதா? நானே ஏறிக் காட்டுறேன் பாரு."

வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சேணத்தின் கால்வளையத்தில் காலை வைத்துவிட்டார். பெரியவர் நிதானமாக மூச்சை விட்டார். சேணம் சுழன்றது. தலைவர் சேற்றில் உட்கார்ந்தார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அந்தச் சின்னப் பெண் மட்டும், "சித்தப்பா, இன்னொரு தடவை!" என்றாள்.

மன்னிப்புக் கேட்டால்தான் இனி லாயத்துக்குள் வரலாம் என்றார் செயலாளர். கேட்க மாட்டேன் என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் அவரே கூப்பிடுகிறார். "உங்க அம்மா ஃபோன் பண்ணி மன்னிப்பு கேட்டுட்டாங்கம்மா. பயந்த பொண்ணு, பதட்டத்துல ஏதோ பேசிட்டான்னு சொன்னாங்க. நீ வரலாம்."

நான் தராத நம்பரை மாமாவிடம் வாங்கி, நீ கேட்கப்போவதாகச் சொன்ன நாலு வார்த்தை இதுதானா? உன் கோபமெல்லாம் என்னிடம் மட்டும்தானா? அந்தப் பெண்ணை ஏற்றி அவள் விழுந்திருந்தால், அவளையும் தைரியம் போதாதவள் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

நீ கேட்ட மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் உள்ளே போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி வீட்டில்தான். நான் இல்லாதபோது அவசரக்காரர்கள் யாராவது பெரியவர்மேல் ஒரு குழந்தையை ஏற்றிவிடுவார்களோ என்றுதான் தூக்கம் வரவில்லை.

உன் மகள்


மே 2

சுண்டு,

உன் கடிதத்தை வார்டு மாடிப்படியில் நின்று படித்தேன். பெற்றவளை இப்படியா கேட்பது என்று முதலில் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இன்னொரு தடவை படித்தபோது அது வந்த வழியே என் பக்கம் திரும்பியது. வீட்டில் எனக்கு வாய் நீளம். கொஞ்சம் மரியாதையாகப் பேசும் பெரிய மனிதர்கள் முன்னால் "சரி சார்" தவிர வேறெதுவும் வருவதில்லை. பதினெட்டு வருடம் வார்டில் பழகிய வாய்.

செயலாளரை மறுபடி கூப்பிட்டேன்.

"அன்னைக்குக் கேட்ட மன்னிப்பத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

"என்னம்மா இது, மன்னிப்ப எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

"என் பொண்ணு பயந்தவ இல்ல. சரியாத்தான் சொன்னா. போன வருஷம் அவ விழுந்ததும் உங்க ஆளு ரெண்டாவது தடவை இறுக்காததாலதான். அங்க சவாரிக்கு வர்ற ஒவ்வொரு குழந்தையோட அம்மாகிட்டயும் நான் வந்து சொல்லட்டுமா?"

உன் குரலைப் போலவே என் குரலும் நடுங்கவில்லை. அவர் இருமினார், தண்ணீர் குடித்தார். உனக்குப் பயிற்சி கொடுக்கும் அக்காவும் நீ இல்லாமல் குழந்தைகள் சவாரியை ஆரம்பிக்க மாட்டேன் என்று நிற்கிறாராம். அதை எனக்கு இப்போதுதான் சொல்கிறார்!

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்கம்மா."

"மன்னிப்பு?"

"அத விடுங்க."

"விட முடியாது. குடுங்க."

"சரி, குடுத்துட்டேன்மா. போதுமா?"

திரும்பி வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தேன். தலைவருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. போன வருடம் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குத்தான் அளவு சரியாக இருக்கும். வாங்கிக்கொள்.

சாப்பிட்டுவிட்டுப் போ.

அம்மா