வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? என் நாவல் வெளிவந்துவிட்டது, இத்துடன் அனுப்புகிறேன். அதில் ஒரு மகள், புத்தி தடுமாறிய அப்பாவை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறாள். அந்த அறை அவள் மனம்தான் என்று விமரிசகர்கள் கொண்டாடுகிறார்கள். நம் பழைய வீட்டின் சாயல் தெரியும். கதைதானே, மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி,
சின்னவன்

ஜூலை 10

அன்புள்ள சின்னவனுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. புத்தகத்தை எனக்கு முன்னால் பாப்பா படித்துவிட்டாள். கல்லூரி வாசகர் வட்டத்திலும் பேசினார்களாம். "அந்தத் தாழ்ப்பாள் எதுக்குக் குறியீடுன்னு கேட்டாங்கம்மா. நீ தாத்தாவைப் பூட்டி வெச்சியா?" என்றாள். மூன்று வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குறியீடாவது மண்ணாங்கட்டியாவது! அன்று பரீட்சைக்குப் படிக்க உன் நண்பர்கள் வந்திருந்தார்கள். அப்பா வெளியே வந்து ஒவ்வொருவனிடமும் திரும்பத் திரும்பப் பெயர் கேட்பாரே என்று வெட்கப்பட்டுத் தாழ்ப்பாள் போட்டவன் நீ. சாயங்காலம் தையல் கடையிலிருந்து வந்து நான் திறந்தபோது, நனைந்த துணியோடு நின்றார். "யாரும்மா பூட்டினது?" என்றார். நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். "நான்தாம்ப்பா" என்றேன்.

உனக்காகச் சொன்ன பொய்யை அச்சில் ஏற்றிவிட்டாயேடா! நான் விளக்கினால் பாப்பா சாக்கு என்பாள். நீயே அவளுக்கு எழுது.

உன் அக்கா

ஜூலை 29

அக்கா,

எழுதிவிட்டேன். முதலில் அறை, மனம், குறியீடு என்று நாலு பக்கம் மழுப்பினேன். எனக்கே அருவருப்பாக இருந்தது, கிழித்துப் போட்டேன். "உன் அம்மா இல்லை, நான்தான் பூட்டினேன்" என்று ஒரே வரி அனுப்பினேன். அதற்குப் பதினோரு நாள் ஆனது.

நாவலிலும் தெரிந்தேதான் உன்னை மாட்டிவிட்டேன். பூட்டியது மகன் என்று எழுதக் கை ஓடவில்லை. இப்போது கூட்டங்களில் கைதட்டினால் உடம்பு கூசுகிறது. உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சின்னவன்

ஆகஸ்ட் 8

சின்னவனுக்கு,

பாப்பா உன் வரியைப் படித்தாள். வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "மாமாவை இனிமே வீட்டுக்குக் கூப்பிடாதே" என்றாள்.

ஒன்றை இத்தனை வருடம் உன்னிடம் மறைத்துவிட்டேன். அன்று துணி மாற்றும்போது அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சின்னவன்தான்னு எனக்குத் தெரியும்மா. பசங்க முன்னாடி கூச்சமா இருந்திருக்கும். அவனை ஒண்ணும் கேட்காதே."

அதன்பிறகு உன் நண்பர்களின் குரல் வாசலில் கேட்டாலே, அவராகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அக்கா