பசியில்லாத தவக்காலம்

மார்ச் 1, 2025, சனி

சிதம்பரம் போய் வந்தோம். நான்கு வருடத்தில் மூன்றாவது மன அழுத்த மாத்திரை இது. இதுவும் பாதி குணத்தோடு நின்றுவிட்டது. டாக்டர் அருள்மொழி அதை நிறுத்தாமல், கூடவே காலையில் ஓர் ஊக்க மாத்திரை எழுதியிருக்கிறார். கவனம் நிற்காத பிள்ளைகளுக்குக் கொடுப்பதாம். "எல்லாருக்கும் இத எழுத மாட்டேன். நாடித்துடிப்பு, பிரஷர், எடை மூணும் தினம் குறிக்கணும். துடிப்பு நூறு தாண்டினாலோ சாப்பாடு குறைஞ்சாலோ உடனே போன் பண்ணணும்" என்றார். லேப் டெக்னீஷியனான என்னிடம் குறிக்கச் சொல்கிறார். நாள் முழுக்க நான் செய்வதே அதுதான், வேலைக்குப் போகிற நாட்களில்.

மார்ச் 4

மாற்றம் ஒன்றும் இல்லை. வாய் மட்டும் உலர்கிறது.

மார்ச் 6

ஐந்தே முக்காலுக்கு விழித்தேன். எழுந்தேன். இரண்டுக்கும் நடுவில் வழக்கமாகக் கிடக்கும் இரண்டு மணி நேரத்தைக் காணவில்லை. தலைக்குக் குளித்து, மஞ்சக்குப்பம் லேபுக்கு நேரத்தோடு போய், நாற்பத்தோரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஆன்டோ மதியத்துக்குள் இரண்டு தடவை போன் செய்தார். சும்மாவாம். என் கணவருக்குச் சும்மா போன் செய்யத் தெரியாது. கழிவறையில் போய் அழுதேன். சந்தோஷம்தான்.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் ஊக்க மாத்திரையைப் பத்து மில்லிகிராம் ஆக்கியிருக்கிறார். பசி என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. காலையில் காபி, மதியம் மோர், அவ்வளவுதான். தவக்காலம் அல்லவா, ஆன்டோவின் அம்மா இதை ஒருசந்தி நோன்பு என்று எடுத்துக்கொண்டார். இன்று எங்கள் தெரு அன்பியத்தின் ஜெபக் கூட்டம் வீட்டில். வந்திருந்த பெண்களிடம், "எம் மருமக நாப்பது நாளும் ஒருவேளைதான் சாப்புடறா" என்றார் அத்தை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அதுவும் அடக்கம் என்று கணக்காகிவிட்டது. இல்லை என்று ஏன் சொல்லவில்லை?

மார்ச் 21

துடிப்பு 112. நோட்டில் 88 என்று எழுதினேன்.

மார்ச் 22

நோட்டைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திப் பதில் வந்தது.

அடுத்தவர் ரத்தத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் பரிசோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்கிறவள் நான். ஆனால் உள்ளதை எழுதினால் மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் மறுபடி அதே கட்டில், அதே மின்விசிறி. 'டிபன நானே கட்டிக்கறேன், நீ படு' என்று ஆன்டோ மெதுவாகச் சொல்லும் அந்தக் குரல். முடியாது. என்னால முடியவே முடியாது. செத்தாலும் பரவாயில்லை —

போன வருடம் இதே வார்த்தையை வேறு காரணத்துக்காக எழுதினேன்.

மார்ச் 29

49 கிலோ. 53 என்று எழுதினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு. பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டு எழ வேண்டும். எட்டு வரை எழுந்தேன். ஒன்பதில் ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார். நானும் விழுந்தேன். கண் திறந்தபோது யாரோ விசிறிக்கொண்டே, "பக்தில மயங்கிட்டா, பாவம்" என்றார்கள். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 5

பிரஷர் மெஷினில் பழைய அளவுகளைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. ஆன்டோ அதை அழுத்திவிட்டார். துடிப்பு 118, 121, 115. தேதியோடு. பக்கத்தில் என் நோட்டை விரித்து வைத்திருந்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"டாக்டருகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா நிறுத்திடுவாரு. நான் திரும்பப் படுத்துடுவேன். அதுதான் வேணுமா உங்களுக்கு?"

"நீ படுத்திருந்தா பக்கத்துல நான் இருப்பேன் ஜெனி. நீயே இல்லன்னா நான் எங்க போறது?"

உடனே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் நோட்டைத் தொடவே இல்லை, மெஷினை மட்டும் பார்த்தார். ஈசிஜி எடுத்தார்கள். நல்லவேளை, இதயத்தில் கோளாறு இல்லை. பத்து நாள் ஊக்க மாத்திரை கிடையாது. பிறகு குறைந்த அளவில் பார்க்கலாமாம். பழைய மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாதாம். "நிறுத்திடுவேன்னு பயந்து மறைச்சீங்க. முதல்லயே சொல்லியிருந்தா அளவ மட்டும் குறைச்சிருப்பேன்" என்றார்.

ஏப்ரல் 8

எழவில்லை.

ஏப்ரல் 9

எழவில்லை. பயமா இருக்கு. இனிமே இப்படியேதானா?

ஏப்ரல் 10

அத்தை கஞ்சி கொண்டுவந்தார். சொல்லிவிட்டேன். "அது ஒருசந்தி இல்ல அத்தை. மாத்திரையால பசி போயிடுச்சு. நீங்க பெருமையா சொல்லச் சொல்ல நான் வாயத் தொறக்கல."

கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நாலு வருஷமா கோயில்ல உன்னக் கேக்கறவங்களுக்கு உடம்பு சரியில்ல, உடம்பு சரியில்லன்னு சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நல்லதா சொல்ல ஒண்ணு கெடச்சுதேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னிக்குக் கையப் புடிச்சப்பதான் வெறும் எலும்புன்னு தெரிஞ்சுது."

கோபமா வருத்தமா, தெரியவில்லை. அரைக் கிண்ணம் குடித்தேன்.

ஏப்ரல் 16

ஊக்க மாத்திரை மறுபடி, ஐந்து மில்லிகிராம். துடிப்பு 90. உள்ளபடி.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஏழரைக்கு எழுகிறேன். அதற்கே அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கிறது. லேபில் அரை நாள்தான். இது போதுமா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

பூசை முடிந்ததும் வாசலில் அன்பியத்து அமிர்தம் அக்கா மடக்கினார். "ஜெனி என்ன இப்பிடி எளைச்சுட்டா? நாப்பது நாளும் ஒருசந்தின்னா சும்மாவா?"

நான் வார்த்தை தேடுவதற்குள் அத்தை, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "ஒருசந்தி இல்ல அமிர்தம். அவளுக்கு மனசுல நோவு, நாலு வருஷமா. சிதம்பரத்துல வைத்தியம் பாக்கறோம்" என்றார்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, ஆட்டோ நிக்குது" என்றார்.