வருமானக் கட்டத்தில் அம்மாவின் பணம்

ஜூலை 6

மன்னித்துக்கொள், நோட்டே. கணக்கியல் வகுப்புக்கு வாங்கிய உன் மிச்சப் பக்கங்களில் வசவு எழுதப்போகிறேன். வாயால் சொல்லத் துணிவில்லை, அதனால்தான்.

ஃபெர்மின் சித்தப்பா கூப்பிட்டனுப்பினார். கோச்சபம்பாவில் மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர். நான்காவதும் வாங்கப்போகிறாராம்.

"வாம்மா லிசென்சியாதா! நம்ம குடும்பத்துலயே மொத பட்டதாரி. கணக்கைச் சுத்தமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பேங்க்ல காட்டணும்."

கூலியாக இறைச்சி அடைத்த ஒரு சால்தேன்யா ரொட்டி. அதுவும் ஆறிப்போனது.

ஜூலை 9

மூன்று வீடுகளையும் போக்கியத்துக்கு விட்டிருக்கிறார். மாத வாடகை கிடையாது. குடிவருபவர் மொத்தமாக டாலரில் கொடுத்து, இரண்டு வருடம் கழித்து முழுதாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். ஊரே இப்படித்தான் வாழ்கிறது.

மனிதர் எழுதியிருப்பதைப் பார். வருமானம்: 18,000, 22,000, 25,000. செலவு: பெயின்ட் 400. லாபம்: 64,600. அடியில் இரட்டைக் கோடு. அந்தத் தாளில் நேராக இருப்பது கோடு ஒன்றுதான்.

அந்த மூன்றில் ஒன்றில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்; அந்தப் பதினெட்டாயிரம் அம்மாவுடையது. லா கான்சா சந்தையில், நடைபாதையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடம் வெங்காயம் விற்ற பணம். எங்கள் போக்கியம் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. கூரை போட்ட கடை ஒன்றுக்கு அம்மா சொல்லிவைத்திருக்கிறாள்.

ஜூலை 13

கேட்டேன். குரல் பாதிதான் வந்தது. "சித்தப்பா, இது திருப்பித் தரவேண்டிய காசு இல்லையா?"

"ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான். அவன் காசை இவனுக்குக் குடுக்கறது. கழுதைக்குக்கூடப் புரியும்டி இது! காலேஜ்ல என்னத்தச் சொல்லிக் குடுத்தாங்க?"

"இப்ப கையில எவ்வளவு இருக்கு?"

"மூவாயிரம் இருக்கும். மிச்சமெல்லாம் வண்டியும் மனையுமா நிக்குதுல்ல?"

ஜூலை 14

கழுதைக்காவது முதுகில் இருக்கும் மூட்டை தன்னுடையதல்ல என்று தெரியும்.

ஜூலை 28

புதிதாக யாரும் வரவில்லை. யாரிடமும் டாலர் இல்லை. எங்களுக்கு மேல்மாடி வீட்டில் போக்கியத்துக்கு இருக்கும் மருந்துக்கடை ரொக்சானா அக்காவுக்கும் இந்த ஆகஸ்டில்தான் கெடு. "உங்க சித்தப்பா இப்பல்லாம் என்னைப் பார்த்தா போன்ல பேசற மாதிரி நடிக்கிறாரு" என்றாள். "நேத்து அந்தப் போன் காதுல இருக்கும்போதே மணி அடிச்சுது."

அம்மாவிடம் சொன்னேன். "சும்மா இருடி. என் தங்கச்சி புருஷன் என்னை ஏமாத்துவாரா?"

ஏமாற்றுகிறோம் என்று தெரிந்து ஏமாற்றினால்கூட ஆளை மதிக்கலாம். இவர் தன்னைக் கெட்டிக்காரர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்!

தாள் இன்னும் என்னிடமே இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

ஆகஸ்ட் 16

உர்குப்பிஞா மாதா திருவிழா. குடும்பம் முழுக்கக் குன்றேறினோம்; ரொக்சானா அக்காவும் கூட வந்தாள். இந்தக் குன்றில் உடைத்தெடுக்கும் கல் மாதா தரும் கடன்; அடுத்த வருடம் திருப்பி வைக்கவேண்டும். போன வருடம் மாதாவிடம் கடனாக உடைத்துப்போன கல்லைச் சித்தப்பா போர்வையில் சுற்றி, குழந்தையைப் போலத் தூக்கிவந்தார். வழியெல்லாம் உபதேசம். "மாதா கடனைச் சொன்ன நாள்ல திருப்பிடணும். இல்லேன்னா குடும்பமே வெளங்காது."

பொம்மையாக வைத்து வேண்டினால் மாதா நிஜமாகவே தருவாள் என்று, நான்காவது வீட்டுக்காகப் பொம்மை வீடும் வாங்கியிருந்தார். வழக்கப்படி அதன் மேல் பீர் ஊற்றிவிட்டு என்னிடம் கை நீட்டினார். "எங்கடி தாளு? மாதா காலடியில வெச்சு எடுத்துட்டுப் போவோம்."

கொடுத்தேன். மூன்று தொகைகளையும் வருமானத்திலிருந்து அடித்து, கடன் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தேன். கடைசி வரி: கையிருப்பு 3,000, கடன் 65,000. கீழே என் முழுப்பெயர், நெல்வா மமானி கோந்தோரி, பட்டத்தோடு.

படித்தார். முகம் கழுத்துவரை சிவந்தது. பின்னால் ரொக்சானா அக்கா நின்றிருந்தாள். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது. ஆனாலும் இந்த முறை குரல் முழுதாக வந்தது.

"சித்தப்பா, கல்லை அப்புறம் வைங்க. மொதல்ல எங்கம்மா காசைத் திருப்பிக் குடுங்க."