அடிபம்பைப் பூட்டியவளுக்கு

அக்கா,

இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டதும் அந்த வாடை மறுபடி கிளம்பிவிட்டது. பிளாஸ்டிக்கைக் கருக்கி அதன்மேல் மருந்தை ஊற்றினாற்போல் ஒரு நாற்றம். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தோடு நிற்கும். இன்று என் அடுப்படிக்கே வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு உன்னைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்ட?

முதலில் கண்டுபிடித்தவள் நீதானே. நம் இருவர் பிள்ளைகளும் அப்போது ஒன்றாம் வகுப்பு. அழைத்துப்போகப் பள்ளிக்கு வந்த இடத்தில் அங்கிருந்த அடிபம்பை அடித்துத் தண்ணீரைக் கையில் ஏந்தினாய், முகர்ந்தாய், அப்படியே கீழே விட்டாய். "எங்க கம்பெனில பீப்பா கழுவுற எடத்துல இதே நாத்தம்தான்டி" என்றாய். நீ தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டு போய்க்கொண்டிருந்த நேரம். ஊரில் எந்த வீட்டிலிருந்துதான் ஒருவர் அங்கே போகவில்லை?

அதனால்தான் பெற்றோர் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியை நல்லவர்தான், அவரும் பயந்தார். ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்த பள்ளி. தண்ணீரும் சரியில்லை என்று மேலே போனால் மெயின் ரோட்டுப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்றார். லாரி பறக்கும் அந்த ரோட்டைத் தாண்டி ஐந்து வயதுப் பிள்ளையை யார் அனுப்புவது? அவரவர் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவரட்டும் என்று முடிவானது. கேன் தண்ணீர் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் பம்பிலேயே குடித்தார்கள்.

நீ சைக்கிள் சங்கிலியைக் கொண்டுபோய்ப் பம்பின் கைப்பிடியைக் கட்டிப் பூட்டினாய். ஊரே திரண்டு வந்து, பள்ளிக்கூடத்தை மூட வந்தவள் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னது. "மூடுனா மூடட்டும். புள்ளைங்க இருந்தா வேற ஸ்கூலு கெடைக்கும்" என்றாய். சங்கிலியை வெட்டினார்கள். கொஞ்ச நாளில் கம்பெனியிலும் உன்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் நீ படுத்தாய். இன்ன நோய் என்று நீ கண்மூடும்வரை எந்த டாக்டரும் தெளிவாகச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் இருக்கிறது அக்கா. பெயின்ட்கூட அடித்தாயிற்று. பிள்ளைகள்தான் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். வசதியுள்ளவர்கள் சத்தமில்லாமல் வில்லியனூர் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், அங்கே கராத்தே சொல்லித்தருகிறார்களாம். வேனுக்கு வழியில்லாத பிள்ளைகள்தான் மிச்சம், உன் மகள், என் மகன் மாதிரி.

நேற்று கல்வி அலுவலகத்திலிருந்து மேலிடத்து ஆள் ஒருவர் பள்ளிக்கு வந்தார். மகன் விட்டுப்போன நோட்டைக் கொடுக்கப் போன நான் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டார். "நல்லாருக்கு சார்" என்றது வகுப்பு முழுவதும். அதில் ஒரு குரல் மட்டும் ஓங்கிக் கேட்டது. உன் மகள்தான்.

உன் வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்குப் போய்விடுவதால் அவள் என் வீட்டிலிருந்துதான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். இன்று தலைவாரிவிட்டு, இந்த நாற்றத்தில் பம்புத் தண்ணீர் வேண்டாம் என்று கேன் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் சித்தி. நான் பம்புலயே குடிக்கிறேன். பாட்டில் எடுத்துட்டுப் போனா, இதுவும் அவங்கம்மா மாதிரின்னு சொல்லுவாங்க."

அப்படியே உன் குரல் அக்கா. பாட்டிலைப் பிடித்தபடி நான் வாசலில் நிற்க, அவள் ஓடிப்போய் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள்.